வீட்டுப் பூனையின் மூளை சிறுத்தது உண்மை. எதோடு ஒப்பிட்டால், எந்த இடத்தில்?

மயிலை_மாடம் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரம் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. மனிதனை அண்டிப் பிழைத்ததால் பூனையின் மூளை சுருங்கிவிட்டதாம், காட்டில் இருக்கும் இனத்தோடு ஒப்பிட்டால் வீட்டுப் பூனை மந்தபுத்தியாம். அதையே சாக்காக வைத்து, கார் நிறுத்துமிடத்தில் திரியும் பூனைகளைக் கோணிப்பையில் போட்டு எங்காவது விட்டுவிடலாம் என்று சிலர் ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் மூல ஆய்வைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க விஷயம் பெரிதாகிக்கொண்டே போனது. இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஆய்வு 2022-இல் வந்தது. வியன்னா பல்கலைக்கழகமும் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகமும் சேர்ந்து செய்தது. முதல் பெயர் ரஃபேலா லெஷ். அவர்கள் கையில் எடுத்தது மூளையை அல்ல, மண்டையோட்டை. மூளை இருந்த அறையின் கொள்ளளவை அளந்தார்கள். பூனையின் மூளை அந்த அறையை ஏறக்குறைய முழுதாக நிரப்பியிருக்கும் என்பதால் இது ஏற்கத்தக்க அளவுதான். முடிவு: வீட்டுப் பூனையின் மூளையறை ஐரோப்பிய காட்டுப்பூனையைவிடவும் சிறியது, ஆப்பிரிக்க காட்டுப்பூனையைவிடவும் சிறியது. வீட்டுப் பூனையும் ஐரோப்பிய காட்டுப்பூனையும் கலந்து பிறந்தவை இரண்டுக்கும் நடுவில் நின்றன.

ஆப்பிரிக்க இனத்தைச் சேர்த்ததுதான் இதில் முக்கியம். 1960களிலும் 70களிலும் இதே போன்ற அளவுகள் எடுத்திருக்கிறார்கள். ஆனால் வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்க காட்டுப்பூனை, அதாவது ஃபெலிஸ் லிபிகா, என்று மரபணு மூலம் உறுதியானது 2007-இல்தான். பங்காளியான ஐரோப்பிய காட்டுப்பூனையோடு ஒப்பிட்டுவிட்டு "பாட்டனைவிட இளைத்துவிட்டான்" என்று சொல்ல முடியாதல்லவா? இப்போது பாட்டனோடும் ஒப்பிட்டாயிற்று. சிறுத்தது உண்மை.

"மந்தபுத்தி" என்பது மட்டும் அந்தக் கட்டுரையில் எங்கும் இல்லை. அது நம் ஆட்கள் ஒட்டியது. எந்தப் பகுதி சிறுத்தது, அது எதற்கான பகுதி, சிங்கம் புலியில் எப்படி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

காசிமேடு_கதிர்

அண்ணே, மந்தபுத்தி என்று சொன்னவரை ஒருநாள் விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்துக்கு அனுப்பிவையுங்கள். ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு பூனைகூட நிற்காது. அங்கே காலில் மிதிபடுவதோடு சரி, ஒன்றும் கிடைக்காது என்று அதற்குத் தெரியும். மீன் வெட்டித் தரும் அக்காக்களுக்குப் பின்னால்தான் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வஞ்சிரத்தை எடுத்தால் அசையாது, ஏனென்றால் அதன் தலையையும் வாடிக்கையாளர் கேட்டு வாங்கிக்கொள்வார். சங்கராவை எடுத்துச் செவுளைப் பிடுங்கும்போதே எழுந்து நிற்கும். அரிவாள்மனை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் போய் நிற்கும், குடல் அங்கேதான் விழும்.

மூளை எத்தனை கிராம் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கணக்குப் போட அது போதும் என்பது தெரியும்.

---

வேப்பேரி_மாணவி

கால்நடை மருத்துவம் படிக்கிறேன். உடற்கூறு வகுப்பில் பார்த்ததைச் சொல்கிறேன்.

வீட்டுப் பூனையின் மூளை 25 முதல் 30 கிராம் இருக்கும். உள்ளங்கையில் வைத்தால் உள்ளங்கை மிச்சம் இருக்கும். முதலில் கண்ணில் படுவது மடிப்புகள்தான். பக்கவாட்டில் ஒரு பள்ளத்தைச் சுற்றி வில் வில்லாக, ஒன்றுக்கு மேல் ஒன்றாக வளைந்து போகும். மேலிருந்து பார்த்தால் முன்பகுதியில் நடுக்கோட்டுக்கு இருபக்கமும் குறுக்கே ஒரு பள்ளம் தெரியும். சிலுவைப் பள்ளம் என்று பெயர். அதையொட்டித்தான் உடலை அசைக்கும் கட்டளைப் பகுதி. அதற்கு முன்னால் இருக்கும் சின்னத் துண்டுதான் நெற்றிப் புறணி (புறணி என்றால் மூளையின் வெளி அடுக்கு). மனிதனில் அது எவ்வளவு பெரியது என்று தெரிந்த கண்ணுக்குப் பூனையில் இருப்பது ஏமாற்றமாக இருக்கும். முன்முனையில் கீழே இரண்டு மோப்பக் குமிழ்கள். நம்முடையதைவிட, மூளை அளவோடு பார்த்தால், எவ்வளவோ பெரியவை.

மண்டையோட்டை நெடுக அறுத்துப் பார்த்தபோது எனக்கு மிகவும் பிடித்தது வேறு. பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவில் மனிதனுக்குச் சவ்வு இருக்கும் இடத்தில் பூனைக்கு எலும்புத் தகடே இருக்கிறது. மெல்லியது, ஆனால் விரல் நகத்தால் தட்டினால் எலும்புச் சத்தம். புலிக்கும் சிறுத்தைக்கும் இதே தகடு உண்டு. மண்டையோட்டை மட்டும் வைத்துக்கொண்டு "இது பெருமூளை அறை, இது சிறுமூளை அறை" என்று பிரித்துச் சொல்ல இந்தத் தகடு பெரிய உதவி.

சிங்கமோ புலியோ வீட்டுப் பூனையோ, அடிப்படை வரைபடம் ஒன்றுதான். பெரிய இனங்களில் கிளைப் பள்ளங்கள் கூடுதலாக இருக்கும், அவ்வளவே. லியோனார்ட் ராடின்ஸ்கி 1975-இல் பூனைக் குடும்பத்தின் புதைபடிவ மண்டையோடுகளின் உள் அச்சுகளை எடுத்து, இந்த வரைபடம் எப்படி உருவானது என்று எழுதினார். அப்போது சி.டி. ஸ்கேன் எல்லாம் இந்த வேலைக்கு வரவில்லை. உள்ளே ரப்பர்க் குழம்பை ஊற்றி, இறுகியதும் உருவி எடுப்பார்கள்.

---

தாம்பரம்_தணிகை

புலியின் மூளை கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட, பூனைக்கு 30 கிராம். அப்படியானால் புலி பத்து மடங்கு கெட்டிக்காரன் என்று ஆகுமா, ஆகாதா? ஆகாது என்றால், வீட்டுப் பூனைக்குச் சில கிராம் குறைந்ததை மட்டும் ஏன் பெரிதாகப் பேசவேண்டும்?

---

செல்வி_டீச்சர்

நல்ல கேள்வி ஐயா. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

4 கிலோ பூனைக்கு 28 கிராம் என்று வைத்தால் உடல் எடையில் 0.7 விழுக்காடு. 180 கிலோ புலிக்கு 270 கிராம் என்றால் 0.15 விழுக்காடு. இப்போது பூனைதான் கெட்டிக்காரன் என்று திரும்பிவிடும். அதுவும் தவறு. உடல் பெருக்கும் வேகத்தில் மூளை பெருக்காது. இது பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் பொது. அதனால் வேறு வேறு உடல் அளவுள்ள இனங்களை ஒப்பிடும்போது, இந்த அளவு உடலுக்கு எவ்வளவு மூளை எதிர்பார்க்கலாம் என்று கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு மேலா கீழா என்றுதான் பார்க்கவேண்டும்.

வீட்டுப் பூனை விஷயம் வேறு. ஆப்பிரிக்க காட்டுப்பூனையும் அதுவும் ஏறக்குறைய ஒரே உடல் அளவு. ஒரே அளவு உடம்பில் மூளையறை குறைந்திருக்கிறது என்பதால் சில கிராமும் கவனிக்க வேண்டியதாகிறது. பன்றியில் இது இன்னும் அதிகம்; காட்டுப்பன்றியைவிட வளர்ப்புப் பன்றிக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

---

ஸ்கேன்_அறை

சி.டி. ஸ்கேன் எடுப்பது என் தொழில். அதனால் இந்தப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மண்டையோட்டின் உட்சுவர் வழவழப்பாக இருக்கும் என்று நினைப்போம். இருக்காது. துணி போட்டு ஊற்றிய இட்லியின் அடியில் துணியின் இழை பதிந்திருப்பதைப் போல, மூளையின் மேடு பள்ளங்கள் எலும்பில் பதிந்திருக்கும். மண்டையோட்டை ஸ்கேன் செய்து, உள்ளே இருக்கும் வெற்றிடத்தை மட்டும் கணினியில் நிரப்பி எடுத்தால், செத்து நூறு வருடமான விலங்கின் மூளை வடிவம் திரையில் சுழலும். பூனைக் குடும்பத்தில் இந்தப் பதிவு நன்றாக இருக்கும், சிலுவைப் பள்ளம்கூடத் தெரியும். யானையில் இவ்வளவு தெளிவு கிடைக்காது.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷார்லீன் சகாய் குழு 2016-இல் இதைத்தான் செய்தது. அருங்காட்சியகங்களில் இருந்த 75 மண்டையோடுகள், 13 காட்டு இனங்கள். மூளையை நான்காகப் பிரித்தார்கள்: மோப்பக் குமிழ், சிலுவைப் பள்ளத்துக்கு முன்பகுதி, பின்பகுதி, எலும்புத் தகட்டுக்குப் பின்னால் சிறுமூளையும் தண்டும். கூட்டமாக வாழும் சிங்கத்துக்கு மொத்த மூளை பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். அப்படி வரவில்லை. முன்பகுதியில் மட்டும் வித்தியாசம் வந்தது, அதிலும் பெண் சிங்கத்துக்கு. ஆண் சிங்கத்தைவிடப் பெண்ணுக்கு முன்பகுதி பெரிது.

சிவிங்கிப்புலிக்கு, அதாவது சீட்டாவுக்கு, மூளையும் சிறியது, முன்பகுதியும் சிறியது. 2022-இல் நமீபியாவிலிருந்து குனோவுக்குக் கொண்டுவந்தார்களே, அதே விலங்குதான். ஓடுவதற்காக இலேசாகச் செதுக்கிய தலை அதற்கு. மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் இடம் பங்கு போடும்போது மூளைக்குக் குறைவாகக் கிடைத்திருக்கலாம்.

---

காசிமேடு_கதிர்

பெண் சிங்கங்கள்தான் சேர்ந்து வேட்டைக்குப் போவது, குட்டி வளர்ப்பது எல்லாம். அதனால்தான் முன்பகுதி பெரிது. சரியாகத்தானே வருகிறது?

---

ஸ்கேன்_அறை

பொருத்தமாகத்தான் இருக்கிறது கதிர். ஆனால் அதே ஆய்வில் சிறுத்தை குறுக்கே வந்து நிற்கிறது. தனியாக வாழ்கிற விலங்கு, ஆனால் ஆண், பெண் சேர்த்துப் பார்த்தால் அதன் முன்பகுதி சிங்கத்துக்குச் சளைத்ததல்ல. மும்பை நகரத்தின் ஓரத்திலும் வாழும், வால்பாறைத் தேயிலைத் தோட்டத்திலும் வாழும், எது கிடைத்தாலும் தின்னும். கூட்டம் ஒரு காரணம் என்றால், இடத்துக்குத் தக்கபடி வளைந்து கொடுப்பது இன்னொரு காரணமாக இருக்கலாம் என்றுதான் அவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

---

மயிலை_மாடம்

இதோடு 2009-இல் வந்த ஒரு ஆய்வையும் சேர்த்துப் படிக்கவேண்டும். யமகுச்சி, கிச்சனர் முதலியோர் எழுதியது. (இந்த கிச்சனர்தான் 2022 ஆய்விலும் இருக்கிறார், ஸ்காட்லாந்து அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்.) ஏராளமான சிங்க, புலி மண்டையோடுகளை அளந்தார்கள். ஓட்டின் நீளத்தோடு ஒப்பிட்டால் புலியின் மூளையறை சிங்கம், சிறுத்தை, ஜாகுவார் மூன்றையும்விடப் பெரியது. தனியாகத் திரியும் புலிக்கு! கூட்டமாக வாழ்ந்தால் மூளை பெருக்கும் என்ற எளிய சூத்திரம் இங்கே உடைந்துவிடுகிறது.

நமக்கு நெருக்கமான செய்தியும் அதில் உண்டு. ஆசியச் சிங்கத்தின் மூளை ஆப்பிரிக்கச் சிங்கத்தைவிட ஒப்பளவில் குறிப்பிடத்தக்க அளவு சிறியது. கிர் காட்டில் இருப்பது அதுதான். ஜாவா, பாலித் தீவுப் புலிகளுக்கு ஒப்பளவில் பெரிய மூளை இருந்திருக்கிறது. பக்கத்துத் தீவான சுமத்ராவின் புலிக்கு அப்படி இல்லை. ஜாவாவிலும் பாலியிலும் புலிகள் பூண்டோடு போய்விட்டன, சுமத்ராவில் இன்னும் இருக்கின்றன. நடத்தையையும் சூழலையும் வைத்து இந்த வேறுபாடுகளை விளக்க முடியவில்லை, தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த நேர்மை மிகவும் பிடித்திருந்தது.

கடைசியில் ஒன்று சொல்கிறார்கள்: கூண்டில் பிறந்து வளர்ந்த பெரும்பூனைகளுக்குப் பொதுவாக மூளை சிறுத்திருக்கிறது. இதற்குப் பல்லாயிரம் வருடப் பரிணாமம் தேவைப்படவில்லை. வாழும் நிலையே மூளையறையைத் தொடுகிறது. வண்டலூரில் கூண்டுக்குள் மரக்கட்டையும் குளமும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

---

தாம்பரம்_தணிகை

> கூட்டமாக வாழ்ந்தால் மூளை பெருக்கும் என்ற எளிய சூத்திரம் இங்கே உடைந்துவிடுகிறது

சென்டிமீட்டரையும் கிராமையும் வைத்துப் பேசிக்கொண்டே இருந்தால் எப்படி? விலங்கு என்ன செய்கிறது என்று பார்த்தார்களா இல்லையா? நானும் தேடினேன். 2016-இல் அமெரிக்க உயிரியல் பூங்காக்களில் 39 இன ஊனுண்ணிகள், 140 விலங்குகள். ஒவ்வொன்றுக்கும் பிடித்த உணவைத் தாழ்ப்பாள் போட்ட இரும்புப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். உடலுக்கு ஒப்பாகப் பெரிய மூளை உள்ள இனங்கள் அதிகம் திறந்தன. கரடிகள் பத்துக்கு ஏழு. ஆக, அளவுக்கு மரியாதை உண்டு.

அதே வருடம் நதாலியா பொரேகோ வேறொரு புதிர்ப்பெட்டியைச் சிங்கம், புள்ளிக் கழுதைப்புலி, சிறுத்தை, புலி நான்குக்கும் கொடுத்தார். சிங்கமும் கழுதைப்புலியும் முந்தின. இப்போது சொல்லுங்கள்: புலிக்கு மூளை பெரிது, ஆனால் பெட்டியைச் சிங்கம் திறக்கிறது. அளவுக்கு மரியாதை இல்லை.

இரண்டில் எதை எடுத்துக்கொள்வது?

---

வேப்பேரி_மாணவி

இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம் ஐயா. கிராம் என்பது மொத்தம். மூளை வேலை செய்வது நரம்புச் செல்லால். ஒரே எடையில் எத்தனை செல் அடங்கியிருக்கிறது என்பது இனத்துக்கு இனம் மாறும்.

சூசானா ஹெர்குலானோ-ஹூசல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பதப்படுத்திய மூளைப் பகுதியைக் கரைத்து, செல் சவ்வு எல்லாம் போய் உட்கருக்கள் மட்டும் மிதக்கும் நீர்மமாக்கி, அதில் துளித்துளியாக எடுத்து எண்ணுவது. இந்த முறையில் 2017-இல் ஊனுண்ணிகளின் மூளைப் புறணியை எண்ணினார்கள். வீட்டுப் பூனைக்கு 25 கோடி நரம்புச் செல். சிங்கத்துக்கு 54 கோடி சொச்சம். உடல் நாற்பது மடங்கு, செல் இரண்டே மடங்கு! கோல்டன் ரிட்ரீவர் நாய்க்கு 60 கோடிக்கும் மேல், அதன் மூளை சிங்கத்தின் மூளையைவிடச் சிறியது என்றாலும்.

நம் தணிகை ஐயாவின் கரடிக்கு வருகிறேன். பழுப்புக் கரடியின் மூளை பூனையுடையதைப்போல் பத்து மடங்கு. புறணியில் நரம்புச் செல் எண்ணிக்கை? பூனைக்குச் சமம், அதே 25 கோடி. அந்தக் கரடிக் குடும்பம்தான் பெட்டியைப் பத்துக்கு ஏழு முறை திறந்தது. ஆகவே செல் எண்ணிக்கையும் கடைசி வார்த்தை இல்லை. கரடிக்குக் கையும் நகமும் விடாப்பிடியும் இருக்கின்றன; பெட்டியைத் திறப்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. பூனைக்கு அலுத்துவிட்டால் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கரைத்து எண்ணுவதில் ஒரு குறை, எந்தச் செல் எந்த இடத்தில் இருந்தது என்பது போய்விடும். இடம் தெரியவேண்டுமானால் சீவிப் பார்க்கவேண்டும். நம் ஊர் ஐஐடியில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் மனிதக் கருவின் மூளையை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சீவல்களாக்கி, செல் தெரியும் அளவுக்குப் படமெடுத்து 2024 டிசம்பரில் 'தரணி' என்று பொதுவில் வைத்தார்கள். அதைத் திறந்து பார்த்த நாளிலிருந்து, இதே வேலையை ஒரு வீட்டுப் பூனைக்கும் ஒரு ஆப்பிரிக்க காட்டுப்பூனைக்கும் செய்தால் எவ்வளவு தெரியவரும் என்ற நினைப்பு எனக்குப் போகவில்லை.

---

செல்வி_டீச்சர்

ஒரு பகுதிக்கு மட்டும் அந்த வேலை நடந்திருக்கிறது கண்ணு. இந்த இழையில் யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். மயிலை_மாடம் கேட்ட "எங்கே சிறுத்தது" என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து மிக உருப்படியான பதில் அதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1993-இல் ராபர்ட் வில்லியம்ஸ் குழு ஸ்பெயினின் காட்டுப்பூனையையும் வீட்டுப் பூனையையும் எடுத்து, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பாதையைச் செல் செல்லாக எண்ணினார்கள். விழித்திரையின் பரப்பு இரண்டிலும் ஒன்றுதான். அதாவது கண் சிறுக்கவில்லை. ஆனால் பகல் வெளிச்சத்துக்கும் கூர்மைக்கும் உரிய கூம்புச் செல்கள் காட்டுப்பூனைக்கு அடர்த்தி. விழித்திரையின் நடுமையத்தில் வீட்டுப் பூனையைப்போல் இருமடங்குக்கும் மேல். இருட்டில் வேலை செய்யும் கோல் செல்களில் வீட்டுப் பூனை குறைந்துபோகவில்லை, சம அடர்த்தியோ கூடுதலோ இருந்தது. கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் செல்கள் காட்டுப்பூனைக்கு ஏறக்குறைய 70 விழுக்காடு அதிகம். அந்தச் செய்தி முதலில் போய்ச் சேரும் நிலையத்தில், மூளையின் நடுவே இருக்கும் சிறு நரம்புச் செல் திரளில், 50 விழுக்காடு அதிகம்.

இதைப் படித்தபோது எனக்கு உட்கார முடியவில்லை. குறைவு எல்லா இடத்திலும் சமமாகப் பரவவில்லை. பகலில் தூரத்து இரையைக் கூர்ந்து பார்க்கும் தடத்தில் பெரிதாகக் குறைந்திருக்கிறது, இரவுத் தடம் அப்படியே இருக்கிறது. தானியக் கிடங்கில் எலி பிடிக்க வந்த விலங்குக்கு எது வேண்டும், எது இல்லாமல் முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

எப்படிக் குறைந்தது என்பது இன்னும் ஆச்சரியம். பூனைக் குட்டி தாய் வயிற்றில் இருப்பது ஒன்பது வாரம் சொச்சம். 39-ஆம் நாள் வாக்கில் அதன் பார்வை நரம்பில் ஆறு ஏழு லட்சம் இழைகள் இருக்கின்றன. வளர்ந்த பூனையில் 1,60,000 அளவில்தான். மிச்சம் எல்லாம் பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே மடிந்துபோகின்றன. மூளை வளர்ச்சியில் இப்படிக் கூடுதலாக உண்டாக்கிக் கழிப்பது இயல்பு. வீட்டுப் பூனையில் கழிவது அதிகமாகியிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே நடக்கும் கழித்தலைக் கொஞ்சம் கூட்டினால் போதும். பத்தாயிரம் வருடத்துக்குள் இவ்வளவு மாற்றம் வந்ததற்கு இது பொருந்துகிறது.

கிடைப்பதற்கு அரிய விலங்கு என்பதால் எண்ணப்பட்ட காட்டுப்பூனைகள் மிகச் சில. ஐரோப்பிய இனம் வேறு, அதாவது பங்காளி. அதை மறக்கக்கூடாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பார்வை மூளையில் எப்படி உருவாகிறது என்று உலகத்துக்குச் சொன்ன ஹூபெலும் வீசலும் 1981-இல் நோபல் வாங்கினார்களே, அவர்கள் மின்முனை வைத்துக் கேட்டது பெரும்பாலும் வீட்டுப் பூனையின் மூளையை. குறிப்பிட்ட கோணத்தில் கோடு காட்டினால் மட்டும் துடிக்கும் செல்களை அதில்தான் கண்டார்கள். சிறுத்துப்போனது என்று நாம் சொல்லும் அந்த மூளைதான் அவ்வளவையும் காட்டிக்கொடுத்தது.

---

அண்ணாநகர்_அம்மு

டீச்சர், அப்படியானால் எங்கள் வீட்டு மல்லிக்குப் பகலில் சரியாகத் தெரியாதா? பால்கனியில் இருந்து எதிர் மாடிப் புறாவைப் பார்த்துப் பல்லைக் கடகடவென்று அடிப்பாளே! மல்லி பிறந்ததிலிருந்து ஃபிளாட்டை விட்டு வெளியே போனதில்லை. அதனால் அவள் மூளை இன்னும் சிறுத்திருக்குமோ என்று இப்போது கவலையாக இருக்கிறது.

---

செல்வி_டீச்சர்

புறா தெரியும் அம்மு, நன்றாகவே தெரியும். அசைவு என்றால் பூனைக்கு உடனே பிடிபடும். நுணுக்கமான விவரத்தில்தான் காட்டுப்பூனை முந்தும். அந்தச் செல் எண்ணிக்கை தாய் வயிற்றிலேயே முடிவாகிவிட்டது. நீங்கள் கதவைச் சாத்தியதால் வந்ததில்லை.

ஆனால் வளரும் பருவத்து அனுபவம் வேறு கணக்கு. குட்டிப் பருவத்தில் ஒரு கண்ணை மூடிவைத்தால் அந்தக் கண்ணுக்கு மூளைப் புறணியில் உள்ள பங்கு சுருங்கிப்போகும் என்று காட்டியதும் ஹூபெல், வீசல் இருவர்தான். மல்லிக்கு ஏறி உட்கார உயரமான பலகை, ஒளித்துவைத்த தீனி, வேடிக்கை பார்க்க ஜன்னல் இருந்தால் நல்லது. பால்கனிக்கு வலை அடித்துவிடுங்கள், அது ரொம்ப முக்கியம்.

---

ஸ்கேன்_அறை

மண்டையோட்டிலிருந்து ஒரு விவரத்தை விட்டுவிட்டோம். வளர்ப்பு விலங்குக்கு மூக்கும் வாயும் குட்டையாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். 2022 ஆய்வில் அண்ணத்தின் நீளத்தையும் அளந்தார்கள். வீட்டுப் பூனையின் அண்ணம் ஐரோப்பிய காட்டுப்பூனையைவிடக் குட்டை, ஆனால் மூதாதையான ஆப்பிரிக்க காட்டுப்பூனையைவிட நீளம். பங்காளியோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் "பார், குட்டையாகிவிட்டது" என்று முடித்திருப்பார்கள்.

---

மயிலை_மாடம்

அருமை. இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

மரபணு பக்கமும் ஒத்துப்போகிறது. 2014-இல் சின்னமன் என்ற அபிசீனியப் பூனையின் மரபணுத் தொகுதியை ஆதாரமாக வைத்து, மற்ற வீட்டுப் பூனைகளையும் காட்டுப்பூனைகளையும் ஒப்பிட்டார்கள். வீட்டுப் பூனையில் தலைமுறை தலைமுறையாகத் தேர்வாகி நிலைத்த மரபணு இடங்களில் அச்சத்தை நினைவில் வைப்பது, வெகுமதிக்காகக் கற்றுக்கொள்வது, நரம்பு முகட்டுச் செல்களின் வளர்ச்சி ஆகியவற்றோடு தொடர்புள்ள மரபணுக்கள் இருந்தன. நரம்பு முகட்டுச் செல் என்பது கருவில் முதுகுத் தண்டு உருவாகும் இடத்தில் தோன்றி உடம்பெங்கும் போய்ச் சேர்வது. தோலின் நிறமும் அதில் வரும், பயந்தால் சுரக்கும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியும் அதில் வரும். பயம் குறைந்த விலங்கைத் தேர்ந்தெடுத்தால் வெள்ளைப் பாதமும் கூடவே வருகிறது என்பது அதே 2014-இல் வைக்கப்பட்ட ஒரு கருதுகோள். இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

மனிதர் பக்கத்தில் நடந்தால் ஓடாமல் இருப்பதும், ஓடாமல் இருந்தால் சோறு கிடைக்கும் என்று கற்பதும் ஒரு விலங்குக்குச் சாதாரண மாற்றம் இல்லை. சைப்ரஸ் தீவில் மனிதனுக்குப் பக்கத்தில் பூனையைப் புதைத்த குழி 9,500 வருடப் பழையது. அந்தத் தீவுக்குப் பூனை தானாக நீந்திப் போயிருக்காது, படகில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தப் படகில் அமைதியாக உட்காரக்கூடிய மூளை அதற்கு அப்போதே இருந்திருக்கிறது.

---

காசிமேடு_கதிர்

துறைமுகப் பூனைகளுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தெருதான். அவற்றுக்கு மூளை திரும்பப் பெருக்குமா?

---

வேப்பேரி_மாணவி

வளர்ப்பில் போனது திரும்பாது என்றுதான் வெகுநாள் சொல்லிவந்தார்கள். 2023-இல் அதற்கு மாறாக ஒன்று வந்தது. தோலுக்காகப் பண்ணையில் வளர்த்த அமெரிக்க மிங்க் (கீரி போன்ற சிறு ஊனுண்ணி) தப்பிப்போய் ஐரோப்பாவில் காட்டு வாழ்க்கைக்குத் திரும்பியது. சுமார் 50 தலைமுறைக்குள் அதன் மூளையறை காட்டு மிங்கின் அளவை ஏறக்குறைய எட்டிவிட்டது. ஆனால் அவை மனிதரை விட்டு முழுதாக விலகியவை. காசிமேட்டுப் பூனை விலகவில்லை, அக்காக்களின் அரிவாள்மனைக்குப் பின்னால்தானே உட்கார்ந்திருக்கிறது. வீட்டுப் பூனையும் தெருப்பூனையும் நம் ஊரில் ஓயாமல் கலந்துகொண்டே இருப்பதால் அது தனி வழியில் போகவும் வாய்ப்புக் குறைவு.

---

காசிமேடு_கதிர்

கிண்டிக் காட்டில் காட்டுப்பூனை இருக்கிறது என்கிறார்கள். அதன் மண்டையோடு கிடைத்தால் தெருப்பூனையோடு நாமே ஒப்பிடலாமா?

---

வேப்பேரி_மாணவி

வேண்டாம் கதிர் அண்ணா. கிண்டியில் இருப்பது ஃபெலிஸ் சாவுஸ், நீண்ட கால், குட்டை வால், உடலும் பெரியது. வீட்டுப் பூனையின் மூதாதை அது இல்லை. மூதாதை இனத்தின் ஆசியக் கிளை நம் நாட்டில் ராஜஸ்தான், கட்ச் பக்கம்தான். அதோடு காட்டுப்பூனையின் எலும்பை எடுத்து வைத்துக்கொள்வது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். எங்காவது கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், கையால் எடுக்காதீர்கள்.

தெருப்பூனைக்குள்ளேயே செய்ய நிறைய இருக்கிறது. அடிபட்டு இறந்தவற்றின் மண்டையோட்டைச் சுத்தம் செய்து, கண் நரம்புத் துளைகளைப் பஞ்சால் அடைத்து, பின்பக்கப் பெருந்துளை வழியாகக் கடுகை நிரப்பித் தட்டித் தட்டி இறக்கி, அளவு உருளையில் கொட்டினால் மில்லிலிட்டர் வந்துவிடும். பழைய அருங்காட்சியக முறைதான். ஒரே ஓட்டைப் பல தடவை அளந்து சராசரி எடுக்கவேண்டும். ஆணா பெண்ணா என்பதைக் கட்டாயம் குறித்துவைக்க வேண்டும். எலும்புப் பொருத்துகள் இன்னும் மூடாத குட்டிகளின் ஓட்டைச் சேர்க்கக்கூடாது.

---

செல்வி_டீச்சர்

கடுகைச் சலித்து ஒரே அளவாக எடுத்துக்கொள்ளுங்கள், பொடிக் கடுகும் பெருங்கடுகும் கலந்தால் அளவு மாறும். கையுறை போட்டுச் செய்யுங்கள், வெறிநோய் உள்ள ஊர் இது. எங்கள் பள்ளி ஆய்வகத்தில் அளவு உருளைகள் இருக்கின்றன. சனிக்கிழமை மதியம் சும்மாதான் கிடக்கும்.